பதினைந்து என்றுதான் எழுதியிருந்தது

மேற்கே வானம் இருட்டினால் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு வந்த வியாதி இது. அதற்கு முன்னால் மழை வருகிறது என்றால் கொடியில் கிடக்கும் துணியை எடுப்பேன், அவ்வளவுதான். இப்போது துணி நனைந்தாலும் நனையட்டும் என்று விட்டுவிட்டு, மொட்டை மாடிக்கும் லேப்டாப்புக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

என் வீட்டுக்காரர் சிவகாசிக்கு அந்தப் பக்கம், எம். புதுப்பட்டி என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். எங்கள் வீடு விருதுநகரில், சூலக்கரைக்குப் போகிற வழியில் இருக்கிறது. நடுவில் எத்தனையோ ஊர் உண்டு. இருந்தாலும் மேற்கே எந்த மூலையில் மேகம் கட்டினாலும் அது நேராக அவர் தலைமேல் நிற்பதாகத்தான் எனக்குத் தோன்றும். இடி என்றால் பட்டாசுக் கம்பெனியில் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெடிமருந்தை நாங்கள் வெறுமனே மருந்து என்போம். மருந்து இருக்கிற அறைமேல் மின்னல் இறங்கினால் அப்புறம் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. அதனால் இடி வருகிறது என்று தெரிந்தால், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எல்லோரும் அறைகளிலிருந்து வெளியேறி, கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சாப்பாட்டு ஷெட்டுக்கு வந்துவிட வேண்டும். எல்லோரும் வந்தாயிற்றா என்று பார்த்துவிட்டுக் கடைசியாக வருபவர் போர்மேன். அந்தக் கடைசி என்ற வார்த்தைதான் எனக்குப் பிடிக்காது.

நானும் அதே கம்பெனிக்குத்தான் வேலை பார்க்கிறேன், கம்ப்யூட்டர் வேலை. முதலாளியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். அவருக்கு சிவகாசியில் ஓர் அச்சகமும் உண்டு. அச்சகத்து மாடியில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்து, ஆர்டர் பிடிக்கிற சாப்ட்வேருக்கு என்று இரண்டு பேரை வைத்தார். ஒருத்தி நான். இன்னொருவர் பெங்களூரில் இருந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுச் சொந்த ஊரான சாத்தூருக்கே திரும்பியவர். என்னைவிடச் சின்னவர் என்பதால் எனக்குத் தம்பி. வாரத்தில் பாதி நாள் அலுவலகம் போவோம், மீதி நாள் அவரவர் வீட்டில் இருந்தபடியே வேலை.

தம்பி பெங்களூரிலிருந்து கொண்டுவந்த சீர்வரிசைதான் குபர்நெட்டிஸ், மற்ற புரோகிராம்களை ஓட்டிப் பார்த்துக்கொள்கிற ஒரு சாப்ட்வேர். தீபாவளி சீசனில் ஆர்டர் கொட்டும்போது சாப்ட்வேர் படுத்துவிடக் கூடாது, அதற்கு இதுதான் சரி என்று அண்ணாச்சியிடம் பேசிப் பேசியே சம்மதம் வாங்கிவிட்டார். அதில் ஒவ்வொரு புரோகிராமும் தனித்தனி அறையில் ஓடும். அந்த அறைக்குப் பாட் என்று பெயர். ஒரு பாட் செத்தால் குபர்நெட்டிஸ் தானாகவே இன்னொன்றைத் திறந்துவிடும். திறக்கும்போது அதன் கையில் சில விவரங்களைக் கொடுத்தனுப்புவோம்: யாரோடு பேச வேண்டும், கடவுச்சொல் என்ன, எது எல்லை. இவைதான் என்விரான்மென்ட் வேரியபிள்கள். வேலைக்கு வந்தவரிடம் இன்றைக்கு இன்ன வேலை என்று வாசலிலேயே சொல்லி உள்ளே அனுப்புவது மாதிரி. உள்ளே போனபிறகு வாசலில் நின்று என்ன கத்தினாலும் அவருக்குக் கேட்காது. வேலையை மாற்ற வேண்டுமானால் அவரை அனுப்பிவிட்டு, புதிய ஆளைக் கூப்பிட்டு, வாசலில் மறுபடி சொல்ல வேண்டும். இதைத்தான் ரீஸ்டார்ட் என்கிறோம்.

ஆர்டர் சாப்ட்வேரோடு சேர்த்து இடி எச்சரிக்கைக்கும் ஒரு சின்ன புரோகிராம் வைத்திருந்தோம். எங்கே மின்னல் இறங்குகிறது என்று வானிலைச் சேவை ஒன்றிலிருந்து தகவல் வந்துகொண்டே இருக்கும். மின்னல் விழுந்த இடம் கம்பெனியிலிருந்து எவ்வளவு தூரம் என்று புரோகிராம் கணக்குப் பார்க்கும். நாங்கள் வைத்த எல்லைக்குள் விழுந்திருந்தால் கம்பெனி கேட்டில் இருக்கும் சைரன் தானாக அடிக்கும். உள்ளே யாரும் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஆகவே உள்ளே இருப்பவர்களுக்கு வெளியிலிருந்து போய்ச் சேருகிற ஒரே வார்த்தை அந்தச் சைரன்தான். புரோகிராமை எழுதியது நான். யாருக்காக எழுதினேன் என்று அண்ணாச்சி உட்பட எல்லோருக்கும் தெரியும்.

முதலில் எல்லை ஐந்து கிலோமீட்டராக இருந்தது. அதற்குமேல் வைத்தால் சும்மா சும்மா சைரன் அடித்து வேலை கெடும் என்பது அண்ணாச்சியின் வாதம். ஐந்து கிலோமீட்டரில் ஒரு மின்னல் விழுந்தால் அடுத்தது எங்கே விழும் என்று அதற்கே தெரியாது. போர்மேன்கள் எல்லோரும் சேர்ந்து போய்ப் பேசினார்கள். என் வீட்டுக்காரர் கூட்டத்தில் பின்னால்தான் நின்றிருப்பார், ஆனால் போகச் சொல்லி நச்சரித்தது நான். கடைசியில் அண்ணாச்சி இறங்கி வந்து, சரி, பதினஞ்சு வச்சுக்கோங்க என்றார். மனசே இல்லாமல் சொன்னார். மனசில்லாவிட்டால் என்ன, வார்த்தை வந்துவிட்டதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அவர் அப்படிச் சொன்னது ஆயுத பூசை அன்று காலையில்.

அச்சகத்தில் ஆயுத பூசை என்றால் சாதாரண விசேஷம் இல்லை. மை துடைத்து, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை குவித்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஊரே சாம்பிராணிப் புகையில் மங்கிக் கிடக்கும். அந்த அமளிக்கு நடுவில் மாடியில் உட்கார்ந்து நான் கான்ஃபிக் மேப்பைத் திறந்து, எல்லை ஐந்து என்று இருந்ததை அழித்துப் பதினைந்து என்று போட்டேன். கான்ஃபிக் மேப் என்பது பாட் கையில் கொடுக்கும் விவரங்களை எழுதி வைக்கிற இடம். எழுதிச் சேமித்தாயிற்று. தம்பி ரீஸ்டார்ட் செய்யக் கையை வைத்தார். கீழே இருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது.

"ஏ, மேல என்ன பண்ணிக்கிட்டு இருக்கீக? பூசைக்கு நேரமாச்சு. எல்லாத்தையும் அமத்திட்டு எடுத்துக்கிட்டு வாங்க!"

லேப்டாப் இரண்டும் கீழே போய், கட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தன. மூடிமேல் சந்தனப் பொட்டு வைத்தார்கள், ஒரு முழம் கதம்பமும் போட்டார்கள். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக் கூடாது. தொடவில்லை. மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தார் அண்ணாச்சி. முதல் வேலையாகப் புது ஆர்டர் ஒன்று போடச் சொன்னார், போட்டோம். தம்பி மெதுவாக, "அண்ணாச்சி, சைரன் புரோகிராமை ஒருக்கா நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிக்கணும்" என்றார்.

"விசயதசமி அன்னைக்கு எவனாச்சும் எதையாச்சும் நிறுத்துவானா? இன்னைக்குத் தொடங்கத்தான் செய்யணும். நிறுத்துறதை நாளைக்கு வச்சுக்கோங்க."

சிரித்துக்கொண்டே தலையாட்டினோம். எங்கள் பக்கத்தில் இதை மறுத்துப் பேச யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. படித்தவள்தான், பாட் என்ன, பஞ்சாங்கம் என்ன என்று தெரிந்தவள்தான். ஆனாலும் நல்ல நாளில் ஒன்றை நிறுத்துவது என்றால் எனக்குமே கை கூசும்.

அந்த நாளைக்கு என்பது வரவேயில்லை. சீசன் ஆர்டர் கொட்ட ஆரம்பித்துவிட்டது. வட நாட்டிலிருந்து லோடு கேட்டுப் போன்மேல் போன். தம்பி ரீஸ்டார்ட் செய்திருப்பார் என்று நானும், நான் செய்திருப்பேன் என்று தம்பியும் அவரவர் வேலையில் மூழ்கிப்போனோம். தப்பு யார்மேல் என்று கேட்டால், பாதி தம்பிமேல், கால் அண்ணாச்சிமேல், மீதிதான் என்மேல் என்று இன்றைக்கும் வாதாடுவேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம். நான் வீட்டில் இருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்தே புழுக்கம். சாப்பிட்ட தட்டைக் கழுவும்போது ஜன்னலில் வெளிச்சம் குறைந்தது. கையைத் துடைக்காமலே மாடிக்கு ஓடினேன். மேற்கே அடிவானம் நெடுக மேகம் கருகருவென்று நின்றது, அதற்குள் அவ்வப்போது ஒரு மின்னல் வெட்டு. சத்தம் இங்கே வரவில்லை.

கீழே வந்து லேப்டாப்பைத் திறந்தேன். மின்னல் விழும் இடங்களை வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாகக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பக்கம் புள்ளிகள் கொத்தாகக் கிடந்தன. ஒன்று மட்டும் கொத்தை விட்டு வெளியே வந்து, கம்பெனிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரில் விழுந்திருந்தது. அப்பாடா, இந்நேரம் சைரன் அடித்திருக்கும், ஆட்கள் ஷெட்டுக்கு வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, உறுதிப்படுத்த புரோகிராமின் பதிவைத் திறந்தேன். புரோகிராம் தான் செய்வதையெல்லாம் வரிவரியாக எழுதிவைக்கும். கடைசி வரி இதுதான்: தூரம் பன்னிரண்டு, எல்லைக்கு வெளியே, சைரன் தேவையில்லை.

ஒரு நிமிடம் எனக்குப் புரியவே இல்லை. பன்னிரண்டு எப்படிப் பதினைந்துக்கு வெளியே போகும்? கான்ஃபிக் மேப்பைத் திறந்தேன். பதினைந்து என்று எழுதியிருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். பதினைந்து. நான் எழுதியது எழுதியபடியே இருந்தது.

தம்பிக்குப் போன் போட்டேன். அவர் சாத்தூரில் அவர் வீட்டில் இருந்தார்.

"தம்பி, பன்னெண்டுல இடி விழுந்திருக்கு. சைரன் அடிக்கல."

"அடிச்சிருக்குமேக்கா? எல்லை எம்புட்டு இருக்குன்னு பாத்தீகளா?"

"பதினஞ்சுதான் இருக்கு. கண்ணு முன்னால இருக்கு."

"இருங்க, இருங்க. எண்ணா மாத்தாம எழுத்தாவே ஒப்பிட்டுப் பாக்குதோ? நான் புரோகிராமைத் திறந்து பாக்குறேன்."

வெளியிலிருந்து கொடுக்கும் விவரங்கள் எல்லாம் உள்ளே எழுத்தாகத்தான் போகும், எண்ணாக மாற்றுவது புரோகிராமின் பொறுப்பு. நான் மாற்றித்தான் எழுதியிருந்தேன். அவர் என் புரோகிராமை நோண்டுகிறார் என்றதும் எனக்கு எரிச்சல் வந்தது. "அதெல்லாம் சரியாத்தான் இருக்கு, நான் எழுதுனது" என்றேன். "பாத்துருவோமேக்கா" என்றார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்னொரு போனிலிருந்து கம்பெனி கேட்டுக்கு அடித்தேன். பிஸி. சீசனில் அந்தப் போன் எப்போதும் பிஸிதான், லாரிக்காரர்கள் விடவே மாட்டார்கள். அண்ணாச்சிக்கு அடித்தேன். அதுவும் பிஸி. என் வீட்டுக்காரரின் போனுக்கும் அடித்தேன். அது கேட்டில், பெட்டிக்குள் கிடக்கும் என்று தெரியும். தெரிந்தும் மணி போகப் போகக் கேட்டுக்கொண்டிருந்தேன். சைரனை நேரே அடிக்கிற பொத்தான் ஒன்றை முன்பு வைத்திருந்தேன். ஒரு தடவை சோதனையில் அது அடித்து ஆட்கள் எல்லாம் வெளியே வந்துவிட, அண்ணாச்சி கோபப்பட்டு அதை எடுக்கச் சொல்லிவிட்டார். எடுத்ததும் நான்தான். அந்தப் பொத்தான் மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கு அதை உடைந்துபோகிற அளவுக்கு அழுத்தியிருப்பேன்.

மறுபடி லேப்டாப். எழுதி வைத்ததைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் ஆவதென்ன, உள்ளே போய்ப் பார்ப்போம் என்று ஓடிக்கொண்டிருக்கிற பாட் அறைக்குள்ளேயே நுழைந்து, உன் கையில் இருக்கிற விவரங்களைக் காட்டு என்று கேட்டேன். வரிசையாகக் கொட்டியது. முகவரி, கடவுச்சொல், அது, இது. எல்லை என்ற வரிக்கு நேரே ஐந்து.

அந்தப் பாட் எப்போது பிறந்தது என்று பார்த்தேன். பூசைக்கு முன்னால். பூசணிக்காய் உடைத்தபோதும், கதம்பம் போட்டபோதும், நாங்கள் பொரி தின்றுகொண்டு சிரித்தபோதும் அது அந்த ஐந்தையே கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. எத்தனை நாளாக அவர் காலையில் பைக்கை எடுக்கும்போது, இனி பயமில்லை, பதினைந்து இருக்கிறது என்று நான் நிம்மதியாகக் கதவைச் சாத்தியிருக்கிறேன் என்று நினைத்தபோது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த தலையணையைத் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

"தம்பி, பழைய பாட். நம்ம ரீஸ்டார்ட் பண்ணவே இல்ல."

"நீங்க பண்ணிட்டீகன்னுல்லக்கா நான் நெனச்சேன்" என்றார்.

"இப்பப் பண்றேன்."

"அக்கா, இருங்க." அவர் குரல் மாறியது. "இப்பப் பண்ணுனா பழசு செத்த பெறகுதான் புதுசு வரும். நடுவுல ஒண்ணுமே இருக்காது. அந்த நேரம் பாத்துப் பக்கத்துல இடி விழுந்தா?"

அவர் சொன்னது நிஜம். ஒரே நேரத்தில் இரண்டு பாட் இருந்தால் சைரன் இரட்டை இரட்டையாக அடிக்கும் என்று, பழையது முற்றிலும் செத்த பிறகே புதியது திறக்கும்படி வைத்திருந்தோம். புதியது எழுந்து நிற்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பழைய பாட் இருந்தால் மின்னல் ஐந்துக்குள் விழும்போதாவது சைரன் அடிக்கும். அதையும் கொன்றுவிட்டால், புதியது எழும்வரை கம்பெனியைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை. வரைபடத்தில் புள்ளிகள் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தன. நான் அறைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தேன். விட்டுவைத்தால் ஐந்துக்குள் வந்த பிறகுதான் தெரியும். நிறுத்தினால் கொஞ்ச நேரம் குருடு. எதைச் செய்தாலும் பந்தயப் பொருள் என் வீட்டுக்காரர். இப்படி ஒரு வேலை எவளுக்கும் வரக் கூடாது.

"பண்றேன் தம்பி" என்று சொல்லிப் பொத்தானைத் தட்டினேன்.

பழைய பாட் சாவதற்கு அவசரமே படவில்லை. முடிகிறது, முடிகிறது என்றே காட்டியது. சாகச் சொன்னால் உடனே சாகாமல் இது என்ன சொகுசு என்று வாய்விட்டுத் திட்டினேன். பிறகு போய்ச் சேர்ந்தது. புதியது உருவாகிறது என்று வந்தது. திரையைப் பார்க்க முடியாமல் மாடிக்கு ஏறி மேகத்தைப் பார்த்தேன். மேகத்தைப் பார்க்க முடியாமல் கீழே இறங்கி வந்தேன். வந்தபோது ஓடுகிறது என்று காட்டியது. உள்ளே நுழைந்து கேட்டேன். எல்லை, பதினைந்து.

"வந்துருச்சு தம்பி. பதினஞ்சு."

"இனிமே விழுந்தா அடிக்கும்க்கா" என்றார் தம்பி.

இனிமேல் விழுந்தால். அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதிய பாட் பிறப்பதற்கு முன்னால் விழுந்த மின்னல் எதுவும் அதற்குத் தெரியாது. பன்னிரண்டு கிலோமீட்டரில் விழுந்தது போனது போனதுதான். அடுத்த மின்னல் எல்லைக்குள் விழுந்தால்தான் சைரன் அடிக்கும். அது எங்கே விழும்? பதினாலில் விழுந்தால் ஆட்கள் தப்பிப்பார்கள். நேரே கம்பெனிமேலேயே விழுந்தால்?

நான் சாமி அறைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன கேட்பது? இடி விழட்டும் என்று கேட்க வேண்டும். விழட்டும், ஆனால் தள்ளி விழட்டும், ஆனால் ரொம்பத் தள்ளி விழுந்துவிடக் கூடாது. இப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமியிடம் வைப்பது? கை மட்டும் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் பிடிக்கவில்லை, அதுவாகப் போயிருந்தது.

வரைபடத்தில் புதிதாக ஒரு புள்ளி. பதிவில் புதிய வரி. தூரம் ஒன்பது, எல்லைக்குள், சைரனுக்கு அனுப்பப்பட்டது.

அனுப்பப்பட்டது என்ற அந்த வார்த்தையை நான் நம்பவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் பதினைந்து என்ற எழுத்து என்னை ஏமாற்றியிருந்தது. இங்கே எழுதியிருப்பதற்கும் அங்கே நடப்பதற்கும் என்ன சம்பந்தம்? கேட்டுக்குப் போன் போட்டேன். பிஸி. மறுபடி போட்டேன். மறுபடி. கடைசியில் காவல்காரர் எடுத்தார். அவர் ஏதோ சொன்னார். எதுவுமே விளங்கவில்லை, ஏனென்றால் அவர் குரலுக்குப் பின்னால் சைரன் ஊவென்று அலறிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் கேக்கல தாயி! சைரன் அடிக்குது! ஆளுக எல்லாம் வாராக! பெறகு பேசு!"

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை, நன்றாகவே அழுதேன். இன்னொரு போனில் தம்பி, "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து கிலோமீட்டருக்குள் ஒரு புள்ளிகூட விழவில்லை. மேகம் வடக்கே ஒதுங்கிப் போய்விட்டது. போகும் வழியில் ஒரு பாட்டம் மழையை மட்டும் கொட்டிவிட்டுப் போனது. காயப்போட்டிருந்த சரக்கை மூட ஆள் இல்லாமல் அவ்வளவும் நனைந்தது. சாயங்காலம் அண்ணாச்சி போன் செய்தார்.

"ஏம்மா, ஒரு இடியும் நம்ம பக்கம் விழலையே. அம்புட்டுச் சரக்கும் நனைஞ்சு போச்சு. தீவாளி முடியிற வரைக்கும் அந்தப் பழைய அஞ்சையே போட்டு வையி."

விழவில்லைதான். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"போட்டுருதேன் அண்ணாச்சி. அடுத்த தடவை மேகம் கட்டுறப்ப நீங்க போய் அந்த மருந்து ரூம்ல உக்காந்துக்கோங்க. உக்காந்துட்டேன்னு ஆள் விட்டுச் சொல்லுங்க. உடனே அஞ்சாக்கிருதேன்."

இப்படிப் பேசுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் கொஞ்சம் செருமினார். "கோவிச்சுக்காத தாயி. நான் சரக்குப் போன வயித்தெரிச்சல்ல சொன்னேன்" என்றார். பிறகு, "கெடக்கட்டும், பதினஞ்சே கெடக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தோசை வார்த்தேன். என் வீட்டுக்காரர் தொப்பலாக நனைந்து வந்து, குளித்து, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். பழைய பாட், ஐந்து, பதினைந்து, அண்ணாச்சியிடம் பேசியது, எல்லாம். தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். முடிவில், "எட்டு, பத்துன்னு வைக்க முடியாதா?" என்றார்.

தோசைக் கரண்டி என் கையிலேயே நின்றது. "என்ன சொல்றீக?"

"பொம்பளையாளுக எல்லாம் செஞ்ச எண்ணிக்கைக்குக் கூலி வாங்குறவுக. வெளிய நிக்கிற நேரத்துக்கு அவுகளுக்கு யாரு குடுப்பா? சைரன் அடிச்சா என்னையத்தான் மொறைக்கிறாக. தீவாளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கணும்னு ஒண்ணொண்ணும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வேலையை ஓட்டமா ஓட்டுதுக."

"உசுரு போனா துணி எடுப்பாகளா?"

"அதுவும் நெசந்தான்" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான், எதைச் சொன்னாலும் அதுவும் நிசம்தான் என்பார். கல்யாணமான புதிதில், வர்ற தீபாவளியோடு இந்த வேலையை விட்டுவிடுங்கள் என்றேன். சரி என்றார். வருஷா வருஷம் சரி என்றுதான் சொல்கிறார். அந்தச் சரி எங்கே எழுதப்பட்டிருக்கிறதோ தெரியாது, காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போகிறவர் பழைய ஆள்தான். அன்று ராத்திரி எனக்கு அதையும் சொல்லிக் காட்ட வாய் வந்தது. நனைந்த தலைமுடியோடு அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில், சொல்லாமல் விட்டுவிட்டேன். இன்னொரு தோசை வைத்தேன்.

எல்லை பதினைந்தாகவே இருக்கிறது. சைரன் அடித்து வெளியே நிற்கிற நேரத்துக்கும் ஏதாவது போட்டுக் கொடுங்கள் என்று போர்மேன்கள் கேட்டிருக்கிறார்கள். அண்ணாச்சி பார்க்கலாம் என்றிருக்கிறார். மேகம் கட்டினால் நான் இப்போதும் மாடிக்கும் லேப்டாப்புக்கும் நடக்கத்தான் செய்கிறேன். ரீஸ்டார்ட் செய்யாமல் பூசைக்கு லேப்டாப்பைக் கொடுப்பதில்லை. ஆனால் திரையில் எது எழுதியிருந்தாலும் அதைப் பார்த்து என் மனசு ஆறுவது நின்றுவிட்டது.

அதனால் ஓர் ஏற்பாடு செய்தேன். தினமும் காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால், ஆட்கள் கேட்டில் வந்து நிற்கும் நேரத்தில், புரோகிராம் சைரனைச் சின்னதாக ஒரு தடவை அடித்துப் பார்க்கும். ஆட்கள் இன்னும் உள்ளே போகாத நேரம் என்பதால் அண்ணாச்சியும் ஒன்றும் சொல்லவில்லை. போனைப் பெட்டியில் போடுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் எனக்குக் கூப்பிடுவார். ஒன்றும் பேச மாட்டார். போனைச் சைரன் பக்கம் தூக்கிப் பிடிப்பார். அந்தச் சத்தம் என் காதில் விழும். நின்றதும் போனை வைத்துவிட்டு, பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போவார். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அவரிடமிருந்து எனக்கு எந்தச் சத்தமும் வராது.

சில நாள் சைரன் நின்ற பிறகும் வைக்க மாட்டார். ஆட்கள் பேசுவது, செருப்புச் சத்தம், அவர் மூச்சு எல்லாம் கேட்கும்.

"வைக்கவா?" என்பார்.

வையுங்கள் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.